கரை ஏறல

போன மாசம் எங்க பக்கத்து ஊர் தம்பி ஒருத்தன் போன் பண்ணான். எம்.டிஹெச், அதாவது இறையியல் முதுகலை, சேரப்போறானாம். "அக்கா, ப்ராக்டிக்கல் தியாலஜி எடுக்கலாம்னு இருக்கேன், அதுல கிரேக்கு எபிரேயு எல்லாம் ரொம்ப வேண்டாம்லா, ஈஸிதானே"ன்னு கேட்டான். அரை மணி நேரம் பேசினேன், போனை வச்சதுக்கு அப்புறமும் மனசு அடங்கல. அவன்கிட்ட சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்க எழுதுறேன், இந்தப் பக்கம் வரணும்னு நினைக்கிற வேற யாருக்காவது உபயோகப்படட்டும்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), புராட்டஸ்டன்ட் குடும்பம். 1806ல மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த கதையையும் அவரைத் தேடிப்போய் வரச்சொல்லிக் கூப்பிட்ட மயிலாடிக்காரர் வேதமாணிக்கம் கதையையும் எங்க அம்மச்சி சொந்தக்காரங்க கதை மாதிரி சொல்லும், நான் அதைக் கேட்டு வளந்தவ. பி.டி. (இறையியல் இளங்கலை) 4 வருஷம், அப்புறம் எம்.டிஹெச், கொஞ்ச நாள் ஒரு செமினரியில (இறையியல் கல்லூரி) பாடம் எடுத்தேன், அதுக்கப்புறம் டாக்டரேட். என் ஆராய்ச்சி ஓக்கி புயல் பத்தினது. சரியா சொல்லணும்னா புயலைப் பத்தி இல்ல, உடல் கிடைக்காத சாவுக்கு ஒரு திருச்சபை என்ன செய்யுதுங்கிறதைப் பத்தி.

2017 நவம்பர் 30, புயல் அடிச்ச அன்னைக்கு எங்க வீட்டு ரப்பர் மரம் பாதி விழுந்துச்சு, ஒரு வாரத்துக்கு மேல கரண்ட் இல்ல, நாங்க அதுவே பெரிய கஷ்டம்னு பேசிட்டு இருந்தோம். அதே நேரம் பஸ்ல ஒரு மணி நேரம் கூட ஆகாத தூரத்துல தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடின்னு அந்தக் கரை முழுக்க பெண்கள் கடலைப் பாத்து நின்னுட்டு இருந்தாங்க. அந்தப் பக்கத்து ஆம்பிளைங்க ஆழ்கடல் தொழிலுக்குப் பேர் போனவங்க, கொச்சியில இருந்தெல்லாம் படகு எடுத்துட்டு வாரக்கணக்குல போவாங்க, சுறா பிடிக்கிறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. புயல் எச்சரிக்கை வந்தப்போ எத்தனையோ போட்டுகள் வயர்லெஸ் எட்டாத தூரத்துல. நிறைய பேர் வரல. எனக்கு அப்போ 30 வயசு தாண்டியாச்சு, அதுவரைக்கும் அந்தக் கரைக்கு நான் ஒரு தடவை கூட போனதில்ல. மீன் எங்க வீட்டு நடைக்கே தலைச்சுமட்டுல வரும், பேரம் பேசி வாங்குவோம், சுமந்துட்டு வர்ற அம்மா எந்த ஊரு, அவங்க கோயில்ல என்ன நடக்குதுன்னு கேட்டதே இல்ல. ஒரே மாவட்டம், ரெண்டு பேருமே கிறிஸ்தவங்க, நடுவுல எவ்வளவு தூரம். ஒரு உதாரணத்துக்கு, அந்தக் கரை இருக்கிறது தமிழ்நாட்டுல, ஆனா அந்தப் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்துல. இது கூட டாபிக் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது.

இந்த ப்ராக்டிக்கல் தியாலஜின்னா என்னன்னு கேக்கிறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 1811லேயே ஜெர்மன் இறையியலாளர் ஷ்லையர்மாக்கர் இதை இறையியல் மரத்தோட உச்சி மாதிரி வச்சுப் பேசினாரு, ஆனா ரொம்ப காலம் நடைமுறையில இது பிரசங்கம் எப்படி பண்றது, அடக்க ஆராதனை எப்படி நடத்துறதுன்னு சொல்லிக்கொடுக்கிற தொழில் வகுப்பாத்தான் இருந்துச்சு. கடைசி 40, 50 வருஷத்துலதான் நடக்கிறதைப் பாத்து, கேட்டு, அதுல இருந்து இறையியல் யோசிக்கிற துறையா மாறிச்சு. இந்தத் துறைப் பேராசிரியர் ரிச்சர்டு ஆஸ்மர் 2008ல நாலு கேள்வியா வச்சாரு: என்ன நடக்குது, ஏன் நடக்குது, என்ன நடக்கணும், நாம என்ன செய்யலாம். ஹெலன் கேமரனும் கூட இருந்தவங்களும் 2010ல நாலு குரல்னு சொன்னாங்க, சபையோட அதிகாரபூர்வ போதனை ஒரு குரல், படிச்சவங்க எழுதுறது ஒரு குரல், ஜனங்க நாங்க இப்படி நம்புறோம்னு வாயால சொல்றது ஒண்ணு, அவங்க கையும் காலும் செய்யிறதுல இருக்கிறது இன்னொண்ணு. படிக்கும்போது ரெண்டு பக்க நோட்ஸ், அவ்வளவுதான் எனக்கு. கரையில போய் நின்னப்போதான் அந்த மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல உள்ள இடைவெளி எவ்வளவு பெருசுன்னு புரிஞ்சுது.

2019ல முதல் தடவை போனப்போ கையில 42 கேள்வி வச்ச ஃபாரம். "இந்தப் பேரழிவுக்குப் பின் உங்கள் விசுவாசம்: கூடியது, குறைந்தது, மாற்றமில்லை." 30 வீட்டுல கேட்டேன், 30 பேரும் கூடியதுன்னு டிக். ராத்திரி வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்துட்டு சந்தோஷப்படல, பயந்தேன். கோயில் சம்பந்தமா ஒரு படிச்ச பொண்ணு வந்து கேட்டா வேற என்னத்த சொல்லுவாங்க? அந்த 30 ஃபாரத்தையும் தீசிஸ்ல ஒரு வரி கூட உபயோகிக்கல, ஏன் உபயோகிக்கலைங்கிறதை மட்டும் ரெண்டு பக்கம் எழுதினேன். தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் நான் சொல்ற முதல் விஷயம் இதுதான், விசுவாசத்தைப் பத்தி நேரா கேக்காதீங்க. காலைல எந்திரிச்சு என்ன செய்யிறீங்க, கோயில்ல எந்த இடத்துல உக்காருவீங்க, அவரோட சாமான் எல்லாம் எங்க இருக்குன்னு கேளுங்க. விசுவாசம் அதுலதான் இருக்கும்.

ஒரு வீட்டுத் திண்ணையில ஒரு வயசான அம்மா என்னைப் பாத்து கேட்டாங்க, "நீ ஆரு மக்களே, பேங்கா, பத்திரமா?" பத்திரம்னா அங்க பத்திரிகை. புயலுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் ஃபைலும் கேமராவுமா எத்தனை பேரு அந்த நடையில ஏறி இறங்கியிருப்பாங்க! படிக்கிற பிள்ளைன்னு சொன்னேன். "எங்க மோனுக்கு என்ன ஆச்சுன்னு படிக்கியா"ன்னு கேட்டாங்க. பதில் வரல எனக்கு. அன்னைக்கு ஃபாரத்தை பைக்குள்ள வச்சவ அப்புறம் வெளிய எடுக்கவே இல்ல. அடுத்த மூணு மாசம் ரெக்கார்டரும் இல்லாமதான் போனேன். கருவாடு காயப்போடுறப்போ கூட உக்காந்தேன், அன்பியக் கூட்டத்துல (பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து ஜெபிக்கிற குழு) பின்னாடி உக்காந்தேன், கட்டன் சாயா குடுத்தா குடிச்சேன். இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன், சாயா வேண்டாம்னு சொல்லிடாதீங்க. எங்க உள்நாட்டுக்காரங்க அந்த வீடுகள்ல கை நனைக்காத கதை எல்லாம் அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நீங்க "இப்பதான் குடிச்சேன்"னு சாதாரணமா சொல்றது அங்க சாதாரணமா போய்ச் சேராது.

உடல் இல்லாத சாவு என்ன செய்யும்னு எனக்கு முன்னாடி தெரியாது. பொதுவா ஒருத்தர் காணாமப்போனா 7 வருஷம் கழிச்சுதான் சட்டம் இறந்தவரா எடுத்துக்கும், ஓக்கியில அரசாங்கம் அவ்வளவு காலம் காக்க வைக்கல, நிவாரணத்துக்காக சீக்கிரமே சர்டிபிகேட் குடுத்தாங்க. அது தேவையானதுதான், அடுப்பு எரியணும்லா. ஆனா பேப்பர்ல சாவு முதல்ல வந்துட்டு, மனசுல வரல. பேப்பர்ல கையெழுத்துப் போட்டப்போ நானே அவரைக் கொன்ன மாதிரி இருந்துச்சுன்னு ஒரு அக்கா சொன்னாங்க. வீட்டுல அவரோட சட்டையை மாசம் ஒரு தடவை துவைச்சு மடிச்சு வைப்பாங்க. 41ஆம் நாள் பூசையும் வச்சாச்சு. சட்டையும் துவைக்கிறாங்க. ரெண்டும் ஒரே ஆள் செய்யிறது, ரெண்டுலயும் பொய் இல்ல.

பங்கு ஃபாதர் ஒருத்தர் அடக்க ரிஜிஸ்டரைக் காட்டினாரு. இந்த வழியில ஆராய்ச்சி பண்றவங்க பேட்டிக்கு முன்னாடி ரிஜிஸ்டர் பாருங்க, சபை என்ன கட்டம் போட்டு வச்சிருக்குங்கிறதே பெரிய தகவல். பேரு, வயசு, இறந்த தேதி, அடக்கம் செய்த இடம். அந்தக் கடைசிக் கட்டத்துல வரிசையா "கடல்"னு எழுதியிருந்துச்சு, மத்ததெல்லாம் பேனாவுல, இது மட்டும் பென்சில்ல. ஏன் ஃபாதர் பென்சில்னு கேட்டேன். "யாராவது வந்துட்டா அழிக்கணும்லா" அப்படின்னாரு. நான் வாசிச்ச அத்தனை நம்பிக்கையின் இறையியலையும் விட அந்தப் பென்சில் எழுத்து எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்துச்சு.

அந்த வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எல்லாரும் கல்லறையைக் கழுவி, பூ வச்சு, மெழுகுதிரி ஏத்தி நிக்கிறாங்க, ஃபாதர் ஒவ்வொரு கல்லறையா மந்திரிச்சுட்டு வர்றாரு. ஓக்கியில போனவங்க வீட்டுப் பெண்களுக்கு நிக்க ஒரு கல்லறை இல்ல. எங்க நிப்பாங்கன்னு நான் பாத்துட்டே இருந்தேன். கல்லறைத் தோட்டத்து நடுவுல ஒரு பெரிய குருசு உண்டு, யாரும் சொல்லாமலே அதைச் சுத்தி வந்து நின்னாங்க. ஆனா தோட்டத்துக்கு உள்பக்கம் பாத்து இல்ல, குருசுக்கு முதுகைக் காட்டி கடல் பக்கமாத் திரும்பி நின்னாங்க. ஃபாதரும் அங்க வந்தப்போ தீர்த்தத்தை அந்தத் திசையிலதான் தெளிச்சாரு. எந்த ஜெபப் புத்தகத்துலயும் இப்படிச் செய்யணும்னு போடல. நான் சொன்னேன்ல, நாலாவது குரல்னு, அது இதுதான். ஒருத்தரும் வாய் திறக்காம ஒரு புது வழிபாட்டையே உண்டாக்கிட்டாங்க.

அன்னைக்குச் சாயந்தரம்தான் எனக்கு சோதனை வந்துச்சு. அந்தச் சட்டை துவைக்கிற அக்கா கையைப் பிடிச்சுட்டு, "நீயும் கோயில்ல படிச்சவதான, அவருக்காக ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போ"ன்னாங்க. எங்க பக்கம் ஓய்வுநாள் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துருவாங்க, மரிச்சவங்களுக்காக ஜெபிக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆறுதல் கேக்கலாம், அவ்வளவுதான். எனக்கு நாக்கு எழும்பல. நான் தந்திரமா குடும்பத்துக்கு மட்டும் ஜெபிச்சிருக்கலாம், அவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. ஆனா அது ஏமாத்துறதுன்னு தோணுச்சு. ஆண்டவரே இவரு எங்க இருந்தாலும் உம்ம கையில இருக்கட்டும், கரை சேத்துரும்னு சொன்னேன். ஆமென்னு சொல்லும்போது ரெண்டு பேரும் அழுதோம். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பஸ்ல நான் செஞ்சது சரியா தப்பான்னு யோசிச்சுட்டே வந்தேன், இன்னைக்கு வரைக்கும் தப்புன்னு தோணல.

இதைத் தீசிஸ்ல எழுதணுமான்னு என் கைடு ஐயாகிட்ட கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எழுதலைன்னா அந்த அத்தியாயம் பொய்"ன்னாரு. எழுதினேன். ஆராய்ச்சி பண்றவ தன்னை மறைச்சு வச்சுட்டு மத்தவங்களை மட்டும் திறந்து காட்டுறது இந்தத் துறையில நியாயமே இல்ல. ஆஸ்மரோட மூணாவது கேள்வி இருக்கே, என்ன நடக்கணும்னு, அது வரிசையில மூணாவதா வரும்னு நினைக்காதீங்க, நாம பஸ் ஏறும்போதே அது நம்ம பையில இருக்கும். எந்தெந்த விஷயத்துல உங்ககிட்ட பதில் ரெடியா இருக்குன்னு முதல் நாளே ஒரு நோட்டுல எழுதி வச்சிருங்க. பின்னாடி அதைத் திரும்பப் பாத்தா நீங்க எங்க மாறியிருக்கீங்கன்னு தெரியும்.

அப்புறம் மொழி. எனக்கு ஒரு மணி நேர ரெக்கார்டிங்கை டைப் பண்ண ஏழு எட்டு மணி நேரம் ஆச்சு, மலையாளம் கலந்த அந்தக் கரைத் தமிழ் வேகமா வரும், பாதி வார்த்தைக்கு திரும்பப் போய் அர்த்தம் கேக்கணும். தீசிஸ் இங்கிலீஷ்லதான் எழுதணும். பேட்டி குடுத்த பெண்கள் செத்தாருன்னு சொல்லல, முங்கினாருன்னும் சொல்லல, திரும்பத் திரும்ப ஒண்ணுதான், "அவரு கரை ஏறல." நான் அதை முதல்ல திரும்பி வரலன்னு இங்கிலீஷ்ல போட்டுட்டுப் போய்ட்டே இருந்தேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி சட்டுனு உறைச்சுது, நம்ம தமிழ்ல கரையேறுறதுன்னா ரட்சிப்பு. பிறவிக் கடலைக் கடந்து கரையேறணும்னு நம்ம ஊர்ல எல்லா சமயத்துக்காரங்களும் சொல்ற வார்த்தை, எங்க பாட்டுலயும் அக்கரைன்னா பரலோகம். ஆனா இந்தப் பெண்களுக்கு கரைன்னா அக்கரை இல்ல, இக்கரை, அவங்க வீட்டு முன்னாடி உள்ள மணல். கடவுள் ஒருத்தரைக் காப்பாத்துறதுன்னா இந்த மணல்ல அவர் கால் படுறது. என் தீசிஸோட நாலாவது அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். நான் மட்டும் நேரா இங்கிலீஷ்ல டைப் பண்ணியிருந்தா அது கையை விட்டுப் போயிருக்கும். அதனால எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, பேசினது பேசின மாதிரி முதல்ல தமிழ்ல எழுதுங்க, கோடிங், அதாவது பேட்டியில வர்ற விஷயங்களைத் தலைப்பு போட்டுப் பிரிக்கிறது, அது கூட தமிழ்லயே பண்ணுங்க, மொழிபெயர்ப்பு கடைசி வேலை.

வேலை, சம்பளம் பத்தி தம்பி கேட்டான். மறைக்காம சொல்றேன். செமினரி வாத்தியார் சம்பளம் காலேஜ் சம்பளம் மாதிரி இல்ல, எனக்கு வீட்டுக்காரர் வேலையும் ரப்பர் பாலும் இல்லைன்னா டாக்டரேட் முடிச்சிருக்கவே முடியாது. இந்தத் துறையில நான் விசாரிச்ச இடங்கள்ல பாதிக்கு மேல குருப்பட்டம் வாங்கினவங்களைத்தான் எதிர்பாத்தாங்க, சாதாரண விசுவாசியா, அதுவும் பெண்ணா இருந்தா வரிசையில பின்னாடிதான். இது மாறணும், நான் வாய்ப்பு கிடைச்ச இடத்துல எல்லாம் சொல்லிட்டுத்தான் இருக்கேன். உங்க பேராயமோ சபையோ படிக்க அனுப்புறதா இருந்தா, படிச்சு முடிச்சா என்ன வேலை, எங்கன்னு போறதுக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க.

இன்னொண்ணும் எழுதி வாங்கணும். டாக்டரேட்டுக்கு அப்புறம் நான் உள்நாட்டுப் பக்கம் ஒரு சபையில சின்ன ஆய்வு பண்ணேன், 2020 லாக்டவுனுக்குப் பிறகு அடக்க ஆராதனையை லைவ்ல போடுறது பத்தி. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டுல, அப்பா சாவை போன்ல பாக்கிற மகன், கேமராவுக்கு முகம் தெரியணும்னு பெட்டியைத் திருப்பி வைக்கிற போட்டோகிராபர், இதெல்லாம் இன்னைக்கு சபை வாழ்க்கை. ஒரு அம்மா லைவ் முடிஞ்ச பிறகு மகன் கூப்பிட்டு "மண்ணு போடுற சத்தம் கேக்கல அம்மா"ன்னு அழுததைச் சொன்னாங்க. ஆய்வு முடிஞ்சதும் அந்தக் கமிட்டி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, சபைக்குள்ள ஆகாத விஷயம்னு அவங்க நினைச்ச ரெண்டு பகுதியை எடுக்கச் சொன்னாங்க. எடுக்க முடியாதுன்னேன், இப்போ அங்க எனக்கு வரவேற்பு இல்ல. அவங்க பயமும் எனக்குப் புரியுது, ஆனா ஆரம்பத்துலயே யார் வாசிப்பா, எதை மாத்தலாம், எதை மாத்த முடியாதுன்னு ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தா இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது. இப்போ என் மாணவர்கள்கிட்ட அது இல்லாம களத்துக்கே போகாதீங்கன்னு சொல்றேன்.

தீசிஸ் முடிஞ்சு பட்டம் வாங்கின பிறகு நாலாவது அத்தியாயத்தை மட்டும் தமிழ்ல எழுதி, 20 காப்பி போட்டு, கரைக்கு எடுத்துட்டுப் போனேன். இது கட்டாயம் செய்ய வேண்டியது, நன்றிக்கடனா மட்டும் இல்ல, ஆராய்ச்சியோட ஒரு பகுதியாவே. பேரு எதுவும் போடல, ஆனாலும் யாரு யாரு என்ன சொன்னாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அந்த அக்கா வீட்டுத் திண்ணையில உக்காந்து வாசிச்சுக் காட்டினேன். நாலஞ்சு பேர் கூடிட்டாங்க. பென்சில் விஷயம் வந்தப்போ ஒரு அம்மா ஃபாதர் அப்படியா சொன்னாருன்னு கேட்டுட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க, அவங்களுக்கே அது தெரியாது.

அஞ்சாவது பக்கத்துல "கணவனை இழந்த பெண்கள்"னு ஒரு வரி. அக்கா கையை நீட்டி நிறுத்தினாங்க. "இழந்தேன்னு நான் எப்ப மக்களே சொன்னேன்?" நான் நோட்டைப் புரட்டினேன். சொல்லல. ஒருத்தரும் சொல்லல. பைல இருந்து பேனா எடுத்தேன், அந்த வரியை அடிச்சுட்டு "கணவர் கரை ஏறாத பெண்கள்"னு எழுதினேன், அப்புறம் மீதி 19 காப்பியிலயும் உக்காந்து மாத்தினேன், அக்கா ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தாங்க. இங்கிலீஷ் தீசிஸ் லைப்ரரி அலமாரியில இருக்கு, அதுல எல்லா அத்தியாயத்துலயும் அவங்களுக்கு நான் போட்ட பேரு விதவைங்கன்னுதான்.